பாதி மலை

குரோம்பேட்டை சைக்கிள் குழுவில் எந்த ஏற்பாடும் லோகநாதன் தலையில்தான் விழும். அந்தக் கார்த்திகையில், சைக்கிள்களை அடிவாரத்தில் விட்டுவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மலை ஏறலாம் என்று பதினோரு பேர் ஆசைப்பட்டார்கள். மழையால் மூன்று ஞாயிறுகள் தள்ளிப்போயின. ஒவ்வொரு முறையும் ஆபீஸ் முடிந்து, வீடு வீடாக மிதித்துப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் அவர்தான்.

நான்காம் ஞாயிறு வானம் வெளுத்திருந்தது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஏழு மணிவரை காத்திருந்தும், வந்தது தையல்கடை நசீருதீன் மட்டும்தான்.

“திரும்பிடலாம் நசீர். எனக்கு அலுத்துப்போச்சு.”

“நான் வந்துகீறேனே அண்ணா. ஒரு ஆளு போதாதா?”

மறுக்கவும் தெம்பில்லாமல் லோகநாதன் கூடவே மிதித்தார். அடிவாரத்தில் சைக்கிள்களை நிறுத்திவிட்டு இருவரும் ஏறினார்கள். பாதி மலையில், மூச்சு வாங்கப் பாறையில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார்.

கண் விழித்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஆனால் அவர்மேல் ஒரு துளியும் விழவில்லை. நசீருதீன் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் குடை பிடித்திருந்தான். அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“நீ உச்சிக்குப் போகலையா?”

“போனா நீங்க நனைஞ்சிருப்பீங்க. ரொம்ப ஓஞ்சி போய்கீறீங்க அண்ணா. இன்னும் கொஞ்சம் படுங்க.”

லோகநாதன் நகர்ந்து குடைக்குள் அவனுக்கும் இடம் விட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.