இலையில் கை வைக்காதீர்கள்

மனைவி ஸ்ரீலட்சுமியின் திதியன்று ராமமூர்த்தி பழங்காநத்தத்திலிருந்து பஸ் ஏறி ஒத்தக்கடை முதியோர் இல்லத்துக்குப் போனார். அன்றைய மதியச் சாப்பாட்டுக்கு அவர் முன்பே ஆன்லைனில் பணம் கட்டியிருந்தார். இல்லத்தில் அவள் படத்தையும் கேட்டு வாங்கியிருந்தார்கள். அங்குள்ள பெரியவர்கள் சாப்பிட்ட பிறகு ஒரு வாய் சாப்பிடலாம் என்று காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்தார். பிள்ளைகள் இல்லாத அவர், தன் காலத்துக்குப் பிறகு வீட்டையும் இந்த இல்லத்துக்கே உயில் எழுதியிருந்தார். மறுநாள் பதிவு.

இல்லத்தின் நிர்வாகி வெங்கடேஷ்பாபு மாதந்தோறும் ஆரஞ்சுப் பழத்தோடு அவர் வீட்டுக்கு வருவார். அவரும் சௌராஷ்டிரக்காரர் என்பதால் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்திலேயே நலம் விசாரிப்பார். ஸ்ரீலட்சுமி போன பின் அந்த வீட்டில் அந்தப் பேச்சைப் பேச வேறு ஆளில்லை. அதில்தான் ராமமூர்த்தி கரைந்து போனார்.

அன்று ராமமூர்த்தி சொல்லாமல் வந்திருந்தார்; வெங்கடேஷ்பாபு உள்ளே இருந்ததால் பந்தியில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. கையில் போனோடு நின்ற அழகுபாண்டி என்ற ஆள் அவர் தோளைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தான்.

“பெருசு, எங்க சுத்துறீரு? நடுவுல எடம் காலியா இருந்தா வீடியோவுல அசிங்கமாத் தெரியும்.”

இலையில் சோறு, சாம்பார், பாயசம் எல்லாம் விழுந்தன. பக்கத்து இலையில் இருந்த பாண்டியம்மாள் எச்சிலை விழுங்கினாள்.

“யாரும் இலையில கை வைக்காதீங்க! மொதல்ல பர்த்டே,” என்று கத்தினான் அழகுபாண்டி.

பின்சுவரில் ஒரு குழந்தையின் படம் போட்ட பேனர் ஏறியது. பெரியவர்கள் கை தட்டிப் பாடினார்கள். பேனர் இறங்கியது. அடுத்து, துபாயில் இருக்கும் ஒரு தம்பதியின் கல்யாண நாள். கைகளைத் தூக்கி வாழ்த்தினார்கள். அதுவும் இறங்கியது. பிறகு ஒரு கடைத் திறப்பு. சோற்றில் ஈ உட்கார்ந்தது. ஒரே சோற்றை ஒவ்வொருவர் பெயருக்கும் விற்கிறார்கள் என்று ராமமூர்த்திக்குப் புரிந்தது.

“தெனமும் இப்படித்தானாம்மா?” என்று பாண்டியம்மாளிடம் கேட்டார்.

“இது கம்மி. முகூர்த்த நாள்ல வந்து பாருங்க, மதியச் சோத்துக்குள்ள பொழுதே அடைஞ்சிரும்.” அவர் முகத்தைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள். “என்ன, கிறுகிறுன்னு வருதா? இந்தாங்க, அப்பளம். முந்தானைய வச்சு மறைச்சுக்கிறேன், வெரசா மெல்லுங்க. நமத்துப் போச்சு, சத்தம் கேக்காது.”

அவர் அதை வாயில் வைத்தபோது அடுத்த பேனர் ஏறியது. அதில் ஸ்ரீலட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இது தெவசம். யாரும் பல்லக் காட்டாதீங்க,” என்றான் அழகுபாண்டி. “பாண்டியம்மா, நீதான் நல்லா அழுவியே. கொஞ்சம் கண்ணக் கசக்கு.”

ராமமூர்த்தி எழுந்தார். “இறக்குய்யா அதை!”

சத்தம் கேட்டு உள்ளிருந்து ஓடிவந்த வெங்கடேஷ்பாபு அவரைப் பார்த்ததும் திகைத்து, வீட்டுப் பேச்சில் குழைந்தார். ராமமூர்த்தி எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னார்:

“மொதல்ல இவங்களைச் சாப்பிட விடுங்க. நாளைக்குப் பதிவு கிடையாது. வீடு உங்களுக்கு இல்லை.”

“ஐயா, வீடியோ இல்லாட்டி வெளியூர்க்காரன் ஒரு பைசா போடமாட்டான். அப்புறம் இவங்களுக்குத் தெனம் யாரு சோறு போடுவா? நீங்களா?”

கேள்வியில் பாதி நியாயம் இருந்ததுதான் ராமமூர்த்திக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. பசித்தவர் முன் வைத்த இலை சாமி முன் வைத்த இலை என்று நம்பி வளர்ந்தவர் அவர்.

இன்னும் யாரும் இலையைத் தொடவில்லை. நிர்வாகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராமமூர்த்தி பேனரை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பந்தி ஓரத்தில் இருந்த ரச வாளியைத் தூக்கிப் பாண்டியம்மாளிடம் வந்தார்.

“ஊத்தவாம்மா?”

“ஊத்துங்க. படத்துல இருக்கது ஒங்க சம்சாரமா? மகராசி. அவுக பேரச் சொல்லியே திங்கிறேன்.”

பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். அவளைப் பார்த்து ஒவ்வொரு கையாக இலையில் இறங்கியது.

“எடுய்யா, எடு,” என்று பின்னால் வெங்கடேஷ்பாபு கிசுகிசுத்தார். “உயில் எழுதுன பெரியவரே பரிமாறுறாரு. இது நல்லா ஓடும்.”

அழகுபாண்டி போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். வாளியை வைத்துவிட்டு அவன் கன்னத்தில் ராமமூர்த்திக்கு ஒன்று விடலாம் போலிருந்தது. ஆனால் வாளியை வைத்தால் பின்வரிசையில் மறுபடி கைகள் நின்றுவிடும்.

ராமமூர்த்தி போனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். குனிந்து அடுத்த இலைக்கு ரசம் ஊற்றினார்.