அறுநூற்றைம்பது ரூபாய்க் கறுப்பு

மச்சான் பர்னபாஸின் ஹாரன் சத்தம் கேட்டாலே செல்வினுக்கு வயிறு எரியும். மூன்று தடவை, குட்டிக் குட்டியாக அடிப்பான். புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் செல்வினின் பழைய பிக்கப் இரண்டாவது கியரில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஒட்டியே வந்து, வளைவு முடிந்ததும் அந்த மூன்றையும் அடித்துவிட்டு முந்திப் போவான். ஜன்னலில் ஒரு கை வெளியே நீண்டு ஆடும். டாட்டா காட்டுகிறாராம் துரை.

இரண்டு பேரும் தருவைகுளத்துக்காரர்கள். அங்கே இறங்குகிற மீனை ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு புனலூர் கமிஷன் கடைக்கு ஓடுகிறவர்கள். முதலில் இருந்தது ஒரே வண்டி; ஆளுக்குப் பாதி. செல்வினுக்குத் தன் தங்கை விஜிலாவைக் கட்டிக்கொடுத்த பர்னபாஸ், மூன்று வருஷம் கூட்டாக ஓட்டிவிட்டுப் பங்கைப் பிரித்துக்கொண்டு லோன் போட்டுப் புது வண்டி எடுத்தான். எடுத்தது தப்பில்லை. கோயில் திருவிழாவில் நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு, பழசைக் காட்டி, "மாப்ளைக்கு இது போதும்" என்று சிரித்தான் பாருங்கள், அதுதான் தப்பு. செல்வின் அன்றோடு பேச்சை நிறுத்தினான். பேச்சு நின்றால் பகை நின்றுவிடுமா? ஏற்றத்துக்கு ஏற்றம் அது வளர்ந்துகொண்டுதான் போனது.

அந்த வருஷத்து மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடக்க, மீன் ஏஜென்ட் ஆறுமுகநயினார் அண்ணாச்சி இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இனி இரண்டு வண்டி வைத்துக் கட்டுப்படியாகாது. தடை முடிந்து வருகிற முதல் மீனை இரண்டிலும் சமமாக ஏற்றுவார். புனலூரில் எந்த வண்டி முதலில் இறக்குகிறதோ, சீசன் முழுக்க லோடு அதற்கு. மற்றவன் வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். செல்வினுக்கு வேறு பிழைப்பு ஏது? பன்னிரண்டு வருஷத்து பிக்கப்புக்கு வேறு யார் லோடு கொடுப்பார்கள்? இந்த சீசன் போனால் வண்டியை எடைக்குத்தான் போட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து விஜிலாவின் பி.எஃப். பணம் வந்தது. ஒன்பது வருஷம் நண்டுக் கம்பெனியில் நின்றபடியே நண்டுச் சதை பிரித்தவள் அவள். வேலையை விட்டதும் கைக்கு வந்தது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். எஞ்சினில் போட்டுவிடலாம் என்று அவளேதான் சொன்னாள். கேட்டு வாங்கியதாக யாரும் செல்வினைக் குற்றம் சொல்ல முடியாது.

தூத்துக்குடி மூன்றாம் மைலில் நேசக்குமாரின் ஒர்க்‌ஷாப். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து விஜிலா ஒரு நோட்டில் எழுத, நேசக்குமார் சொல்லிக்கொண்டே போனான். பெரிய டர்போ முப்பத்தெட்டாயிரம். இன்டர்கூலர் பதினாலு. இன்ஜெக்டர் நாலும் மாற்ற இருபத்திரண்டு. இழுவையைத் தாங்குகிற கிளட்ச் பதின்மூன்று. கூலி பதினைந்து. எஞ்சினின் கம்ப்யூட்டரைத் திருத்தி எழுதுகிற ரீமேப் இருபது. புகை தடையில்லாமல் போக அகலமான சைலன்சர் எட்டு. கூட்டினால் ஒரு லட்சத்து முப்பது. மிச்சம் பத்தாயிரம் முதல் நடைக்கு டீசல், செக்போஸ்ட் செலவு. செல்வினுக்கு அப்போதே பர்னபாஸின் வண்டி கண்ணாடியில் பின்னால் போவதுபோல இருந்தது.

விஜிலா நோட்டை மூடவில்லை. இதில் சேஸ் எங்கே என்று கேட்டாள். எஞ்சினும் பாடியும் உட்கார்ந்திருக்கிற அந்த இரண்டு நீள இரும்பைத்தான் கேட்டாள். நேசக்குமார் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். தட்டினான். கணீரென்று வர வேண்டிய இடத்தில் சொத்தென்று ஒரு சத்தம் வந்தது. துரு பொரிந்து அவன் முகத்தில் கொட்டியது. பன்னிரண்டு வருஷமாக ஐஸ் உருகி ஒழுகிய மீன்தண்ணீர் தின்ற இரும்பு அல்லவா அது. இரண்டு பக்கமும் பிளேட் வைத்து வெல்டு அடிக்க இருபத்தெட்டாயிரம் ஆகும் என்றான்.

இதில் கொடுமை என்னவென்றால், செல்வின் கரையில் பிறந்தவன். தடைக்காலத்தில் படகை மேட்டில் ஏற்றினால் அங்கே யாரும் முதலில் எஞ்சினைத் தொட மாட்டார்கள். சுத்தியலோடு அடியில் படுத்து முன்னிருந்து பின்வரை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார்கள். பத்து வயதில் அப்பனோடு அடியில் படுத்துத் தட்டியவன் இவன். இற்ற பலகையில் புது எஞ்சினை வைத்தவனைக் கண்டால் ஊரைக் கூட்டிச் சிரிப்பான். ஆனால் பிக்கப் தண்ணீரிலா மிதக்கிறது? நாலு டயரில் நிற்கிறது. அதைத் தட்டிப் பார்க்க அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

விஜிலா ரீமேப்பையும் சைலன்சரையும் கோடு போட்டு அடித்தாள். இருபதும் எட்டும் இருபத்தெட்டு. கீழே 'சேஸ்' என்று எழுதி நோட்டைப் புருஷனிடம் நீட்டினாள். செல்வின் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், சரி என்றுதான் சொன்னான்.

எல்லாம் கெட்டது திரும்பி வருகிற பஸ்ஸில். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த விஜிலா, நல்லதுதான் செய்தோம் என்கிற நினைப்பில், ஏற்றத்தில் போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் பாடி ஒரு பக்கம் சாய்கிறதாமே என்று சொல்லிவிட்டாள். செல்வின் திரும்பி அவளைப் பார்த்தான். இவள் தென்காசியைத் தாண்டியதே இல்லை. ஏற்றத்தில் அவன் வண்டிக்குப் பின்னால் ஒட்டி வருகிறவன் உலகத்திலேயே ஒருத்தன்தான்.

"ஏளா, ஒங்க அண்ணன் சொல்லித்தான் என் வண்டிக்கு இரும்பு வைக்கணுமா?"

"இரும்புக்கு அண்ணன் தம்பி தெரியுமா? இத்துப்போயிருந்ததை நீங்களுந்தான பார்த்திய."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டான். லிஸ்ட்டில் ரீமேப்பை அடிக்கச் சொன்னதும் அவன்தானா, எஞ்சின் தேறிவிடக்கூடாது என்று பார்க்கிறானா என்றெல்லாம் கேட்டான். விஜிலா இறங்கும்போது ஒன்று மட்டும் சொன்னாள்: அது அவளுடைய பணம், சேஸ் போட்டாக வேண்டும்.

மறுநாள் செல்வின் தனியாகப் போனான். சேஸை விட்டுவிட்டு ரீமேப்பையும் சைலன்சரையும் போடச் சொன்னான். நேசக்குமார் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, எஞ்சின் இழுக்கும். அந்த இழுவைய கீழ உள்ளது தாங்கணும்லா" என்றான். உன் வேலை எதுவோ அதைப் பார் என்று செல்வின் எரிந்து விழுந்தான். பர்னபாஸ் சொன்னது சரியாக இருக்கலாம் என்ற நினைப்பையே அவனால் பொறுக்க முடியவில்லை. அவன் சொல்லாமல் ஒரு தெருநாய் வந்து குரைத்திருந்தால்கூட செல்வின் அந்தப் பிளேட்டைப் போட்டிருப்பான்.

வேலை முடிந்த அன்று கடையில் இரண்டு டப்பா கறுப்பு பெயிண்டும் ஒரு பிரஷ்ஷும் வாங்கினான். அறுநூற்றைம்பது ரூபாய். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் துருவோடு துருவாக அவனே அடித்தான். வண்டி வீட்டுக்கு வந்ததும் விஜிலா டார்ச்சோடு குனிந்து பார்த்தாள். உள்ளே எல்லாம் புதுசாகப் பளபளவென்று கறுத்திருந்தது. அன்றைக்குச் செல்வின் தட்டில் ஒரு கருவாட்டுத் துண்டு கூடுதலாக விழுந்தது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, சேஸ் போட்டாச்சு, இனி கவலையில்லை என்றாள். செல்வின் தலை நிமிராமல் கருவாட்டைப் பிய்த்தான்.

தடை முடிந்தது. முதல் படகுகள் சூரை மீனோடு வந்து சேர்ந்த அன்று, மதியம் பன்னிரண்டு மணிக்கு அண்ணாச்சி எண்ணி இரண்டு வண்டியிலும் இருபத்தெட்டு இருபத்தெட்டுப் பெட்டி ஏற்றி, ஒன்றாகவே கேட்டைத் திறந்துவிட்டார். நெல்லை வரைக்கும் பர்னபாஸ்தான் முன்னால். தென்காசியிலும் அவன்தான். செங்கோட்டையைத் தாண்டியதும் சாரல் பிடித்தது. புளியரையில் ஏற்றம் ஆரம்பிக்க, செல்வின் மிதித்தான்.

வண்டி போனது பாருங்கள், அப்படி ஒரு போக்கு! மூன்றாவது கியரிலேயே ஏறியது. டர்போ விசில் அடித்தது. பர்னபாஸின் டெயில் லைட் கிட்டே வந்தது, பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. செல்வின் ஹாரனில் கையை வைத்தான். மூன்று இல்லை, வளைவு முடிகிறவரை அழுத்திக்கொண்டே இருந்தான். இத்தனை வருஷ வயிற்றெரிச்சலும் அந்தச் சத்தத்தில் போனது. ஜன்னலில் கையை நீட்டி டாட்டாவும் காட்டினான்.

அடுத்தது எஸ் வளைவு. திருப்பி, ஏற்றத்துக்கு மறுபடி மிதித்தபோது முதுகுக்குப் பின்னால் எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் இழுத்தது, பாடி வரவில்லை. கேபினுக்குப் பின்னால் சேஸ் இற்று வாய் பிளந்து, வண்டி நடுவில் மடங்கி ரோட்டில் உட்கார்ந்தது. பெட்டிகள் சரிந்து சூரை மீன் தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு கீழே போனது.

பின்னால் பர்னபாஸ் வந்து நின்றான். ஹாரன் அடிக்கவில்லை. அதை அடித்திருந்தாலாவது தேவலை. இறங்கி வந்து, குனிந்து, சாவியால் சேஸைச் சுரண்டினான். கறுப்புத் தோல் உரிந்து அடியில் செம்பொடி கொட்டியது.

"விஜிலா போட்டாச்சுன்னு சொன்னாளே, மாப்ள."

செல்வின் சரிந்த பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்தான்.

"என் வண்டி நெறஞ்சிருக்கு. ஒம் பெட்டியில ஒண்ணுகூட ஏத்த மாட்டேன். என் சேஸ் எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியும்."

உரிந்த இடத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்தான். ஏறிப் போய்விட்டான். இந்த முறை கையும் ஆட்டவில்லை.

அரை மணி நேரத்தில் அண்ணாச்சியின் போன் வந்தது. செங்கோட்டையிலிருந்து வேறு வண்டி அனுப்புகிறாராம். மிச்சமிருப்பதை அதில் மாற்றிவிட வேண்டும். வாடகை செல்வின் கணக்கில். சீசன் லோடு பர்னபாஸுக்கு. திட்டக்கூட இல்லை அவர். சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சாரலில் நனைந்துகொண்டு செல்வின் மீனைப் பொறுக்கினான். மறுபடி போன் அடித்தது. விஜிலா. போட்டோ போய்ச் சேர்ந்திருக்கும் என்று தெரிந்தது. அழுவாள், கத்துவாள் என்று காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டே எடுத்தான். அவள் கத்தவில்லை.

"அடிபட்டுதா?"

"இல்ல."

நோட்டுத் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"லிஸ்ட்ல பெயிண்டு இல்லியே. எவ்வளவுக்கு வாங்குனிய?"

பொய் சொல்ல அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"அறுநூத்தம்பது."

"சரி, எழுதிக்கிடுதேன்" என்றாள் விஜிலா. போனை வைக்காமலே எழுதினாள்.