வாளியின் நிழல்

வாளிக்கு நிழல் போடச் சொன்னது யார் என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. நான்தான் சொன்னேன் என்று பல நாட்களில் தோன்றுகிறது. சுபாங்கி சொன்னதாகவும் ஒரு நினைவு இருக்கிறது.

கிருஷாந் ஊரிலிருந்து வந்து மல்வேர்னில் எங்கள் வீட்டுக் கீழ்த்தள பேஸ்மென்ரில் வாடகைக்கு இருந்தவன். அகதி விண்ணப்பம் கொடுத்திருந்தான். ஊரில் அவனை அடைத்து வைத்திருந்த அறையைப் பற்றிக் கேட்டால் வாய் கட்டிப்போகும். பேச முடியாவிட்டால் வரைந்து கொடுக்கட்டும் என்றார் வழக்கறிஞர். அவனோ பள்ளிக்கூடம் விட்ட பிறகு பென்சில் பிடித்தவனில்லை. நூலகத்தில் சனிக்கிழமைகளில் நடந்த தொடக்க ஓவிய வகுப்புக்கு இருவருமாகப் போனோம்.

வகுப்பை நடத்தியவள் சுபாங்கி, இங்கே பிறந்த பிள்ளை. முதல் கிழமை வகுப்பில் அடிமட்டம் வைக்காமல் கையாலேயே நேர்கோடுகள். அடுத்த கிழமை வட்டங்கள். கிருஷாந் ஒரு தாள் முழுக்க வட்டம் போட்டுக் காட்டினான்.

“உன்ர வட்டமெல்லாம் உருளைக்கிழங்கு மாதிரிக் கிடக்கு,” என்றேன்.

“அண்ணையின்ரயைப் பாத்தா பலாக்கொட்டை,” என்றான். அவன் சிரித்து நான் கண்டது அந்த வகுப்பில்தான்.

ஐந்தாம் கிழமை நிழல். “ஃபர்ஸ்ட், லைற் எங்க இருந்து வருது எண்டு டிசைட் பண்ணுங்கோ, அங்கிள். ஷாடோ மற்றப் பக்கம் விழும்,” என்றாள் சுபாங்கி. மேசையில் வைத்த கோப்பைக்கு நிழல் போட்டுப் பழகினோம்.

கடைசி வகுப்பில் அவன் அறையை வரைந்தான். நான்கு சுவர், ஒரு கதவு, மூலையில் ஒரு வாளி. கோடுகள் நேராக இருந்தன. வாளி மட்டும் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிந்தது. நிழல் போட்டால் நிலத்தில் இருக்கும் என்று சுபாங்கியோ நானோ சொன்னோம். அவன் வலப்பக்கம் பதமாக நிழல் போட்டான்.

அகதி விண்ணப்ப விசாரணையில் என்னையும் பின்னால் இருக்க விட்டார்கள். விசாரித்தவர் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். அறையில் யன்னலும் இல்லை, விளக்கும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், இந்த நிழல் எந்த வெளிச்சத்தில் விழுந்தது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

கதவு திறக்கிற நேரம் மட்டும் அங்கே வெளிச்சம் வரும் என்று கிருஷாந் என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தான். அதை அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். நான் வாய் திறக்கக் கூடாது. அவன் தன் கையைப் பார்த்தபடி இருந்தான்.

“வகுப்பில அப்பிடித்தான் கீறச் சொல்லித் தந்தவை,” என்றான் கடைசியில்.

அது ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்ததும் விசாரித்தவர் எழுதத் தொடங்கினார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டிலும் தோற்றான். சென்ற மார்ச்சில் அவனை ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாழைச்சேனையில் தமக்கை வீட்டில் இருக்கிறான். இரவில் வெளியே போவதில்லை என்கிறான். சுபாங்கி கல்யாணம் முடித்து ஒட்டாவாவுக்குப் போய்விட்டாள். பேஸ்மென்ரில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. நான் முன்போலவே காலை ஷிஃப்ற்றுக்குப் போகிறேன்.