மேட்டில் சொன்ன பாங்கு

செத்தவர்கள் இருக்கும் மேட்டில் போன் லைன் கிடைக்கிறது. உயிரோடு இருக்கிற நான் படுக்கும் அறையில் ஒரு கோடுகூட வருவதில்லை. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

கிள்ளானில் அப்துல் ரஹீம் முதலாளியின் சாப்பாட்டுக்கடையில் எனக்குச் சமையல் வேலை. அங்கே வைஃபைக்குக் குறைச்சல் இல்லை. அடுப்பு அணைந்ததும் ஊரில் இருக்கும் என் மனைவி மும்தாஜின் முகத்தை போனில் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். அது விதிக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. முதலாளி கம்பார் பக்கம் ரப்பர் காட்டுக்குள் வைஃபைகூட இல்லாத ஒரு கெஸ்ட் ஹவுஸில் பங்கு சேர்ந்தார். ஜப்பான்காரன் காலத்தில் சண்டை நடந்த இடம். பின்னால் ஒரு மேடு, அதன் உச்சியில் நினைவுக்கல். ஜனவரி பிறந்தால், அங்கே செத்தவர்களின் சொந்தக்காரர்கள் சீமையிலிருந்து வந்து தங்குவார்கள்.

"ஒரு வாரம் போய் ஆக்கிப் போட்டுட்டு வா, சாதிக்."

"மும்தாஜுக்கு நிறைமாசம், முதலாளி."

"டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்குல்ல? அதுக்குள்ள வந்துரலாம் லா."

பிள்ளை டாக்டரைக் கேட்டுக்கொண்டா வரும்?

வந்த அன்று சாயங்காலமே என் மனசு கெட்டுவிட்டது. அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார ஆன்டி, எண்பது தாண்டியவர், சாப்பாட்டு மேசையில் ஒரு போட்டோவைக் காட்டி ஏதோ சொன்னார். கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்ளும் தங்கமணி அக்காதான் எனக்கு விளக்கினார். "இவங்க வயித்துல இருக்கும்போதே அப்பா இங்க வந்து செத்துட்டாராம். மூஞ்சி போட்டோல இருக்கு, குரல்தான் எப்படி இருக்கும்னு தெரியலங்கிறாங்க. பாவம் லா." எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களில் பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்ல வேண்டும். பள்ளிவாசலில் தொழுகைக்குக் கூப்பிடும் அதே பாங்குதான். மூத்தவள் ஷபானா பிறந்தபோதும் நான் கிள்ளானில் புரோட்டா தட்டிக்கொண்டிருந்தேன். மாமனார்தான் சொன்னார். இப்போது அவளுக்கு ஆறு வயது. போன் அடித்தால், "அம்மா, மலேசியா கூப்பிடுது" என்பாள். லீவில் போனபோதும் மும்தாஜின் முந்தானைக்குப் பின்னாலேயே நின்றாள். அத்தா என்று ஒரு தடவை கூப்பிட்டதில்லை. பெற்றவனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அதனால்தான் இந்தப் பிள்ளைக்கு நான்தான் பாங்கு சொல்வேன், போனிலாவது சொல்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "போன்ல பாங்கா? ஊரே சிரிக்கும்!" என்று மாமனார் குதித்தார். மும்தாஜ் என் பக்கம் நின்றாள்.

வந்த நாலாம் நாள், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்த தங்கமணி அக்கா, காரை நிறுத்துவதற்குள்ளேயே கத்தினார்.

"சாதிக்! டவுன்ல லைன் வந்ததும் உன் முதலாளிகிட்டேருந்து மெசேஜ் வந்துச்சு. பையன் பொறந்துட்டானாம்! ஒனக்கு போன் போட்டுப் போட்டு ஊர்ல ஓஞ்சுட்டாங்களாம் லா!"

கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது. பாங்கு சொல்லியாக வேண்டும், அதுவும் இப்போதே.

"வா, டவுன்ல கொண்டுபோய் விடறேன்."

"வேணாம்க்கா. வேலை பெர்மிட்ல கிள்ளான் கடைதான் போட்டிருக்கு. வழியில போலீஸ் நிப்பாட்டுனா அவ்வளவுதான்."

"அப்ப மேட்டுக்கு ஓடு. கல்லுகிட்ட ரெண்டு கோடு வரும். குழம்ப நான் பாத்துக்கறேன்."

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். உச்சியில் அந்த ஆன்டி கல்லுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பாட்டுக்கு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லைச் சுற்றினேன். கோடு வந்ததும் மும்தாஜின் போனுக்குப் போட்டேன், மணி அடித்தது.

"மச்சான்! எங்க போய்த் தொலைஞ்சீங்க? எங்க அத்தா கோவிச்சுக்கிட்டு, பாங்கு சொல்லப் பள்ளியாசல் ஹஜ்ரத்தக் கூட்டியாரப் போயிட்டாக. பேச நேரமில்ல. புள்ள காதுல வைக்கிறேன், சொல்லுங்க."

பிள்ளை வீறிட்டு அழுவது கேட்டது. என் பிள்ளை. மேற்கே திரும்பி நின்றேன். காதோடு மெல்லச் சொல்ல வேண்டியதை, லைன் போய்விடுமோ என்ற பயத்தில், பள்ளிவாசல் மைக்கில் நிற்பவனைப் போல் குரலெடுத்துச் சொன்னேன்.

அழுகை நின்றது.

யா அல்லாஹ், என் குரலைக் கேட்டு நிறுத்திவிட்டான். அடுத்த வரியைத் தொடங்கும்போது போன் 'டக்' என்று செத்தது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. மீதியை அந்தக் கல்லுக்கும் ரப்பர் மரங்களுக்கும் சொல்லி முடித்தேன்.

திரும்பினால், ஆன்டி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "தேங்க் யூ. என் அப்பாவுக்காக" என்று கல்லைக் காட்டி இங்கிலீஷில் சொன்னார். அவருக்காகச் செய்த பிரார்த்தனை என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷும் போதாது, மனசும் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

பிறகு எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது. கடைசியில் ஒருவழியாகக் கிடைத்தது. எடுத்தது ஷபானா.

"அம்மா எங்கம்மா?"

"தம்பிக்குப் பால் குடுக்குது."

"ஹஜ்ரத் வந்துட்டாரா? அவரா பாங்கு சொன்னாரு?"

"அவரு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நீங்க பாதியிலயே போயிட்டீங்க. தெனமும் பள்ளியாசல்ல கேக்குறேன்ல, எனக்கு மனப்பாடம். மீதிய நான் சொல்லிட்டேன்."

மேட்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"கேக்குதா?" என்றாள். "அத்தா? அத்தா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா! இருக்கேன்!"

மேடே கேட்கும்படி கத்தினேன். போனைப் பார்த்தால் இரண்டு கோடும் போயிருந்தது.