தலைக்கு ஏறாத கூடை

விடியுமுன்பே மரக்காணம் உப்பளத்தில் பெண்கள் இறங்கியிருந்தார்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய கால்களோடு வாரி வாரிக் கூடை நிரப்பினார்கள். நிறைந்த கூடையை யாரும் தனியாகத் தலைக்கு ஏற்றிவிட முடியாது. எதிரே நிற்பவள் ஒரு கை கொடுக்க வேண்டும்.

சவரியம்மாள் தன் மகள் ஜான்சிக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரையிலிருந்த அவர்கள் குடிசையை ஆக்கிரமிப்பு என்று அதிகாரிகள் இடித்துத் தள்ளியபோதும் அவள் அழவில்லை. முதலாளி பக்தவச்சலம் உப்புக் கொட்டகையில் தங்கிக்கொள்ளச் சொன்னார். வாடகைக்குப் பதிலாக, எட்டாவது படிக்கிற பெண் உப்புச் சுமக்க வேண்டுமாம். என்ன ஒரு தாராள மனசு! சவரியம்மாள் தலையாட்டிவிட்டாள். அவளுக்கு மனசு மரத்துப் போயிருந்தது.

நேற்று ஜான்சியின் டீச்சர் வரப்புவரைக்கும் தேடி வந்தார். "வீடு இல்லன்னா என்னம்மா? அட்ரஸ் ப்ரூஃப் எதுவும் வேணாம். புக்கு, யூனிஃபார்ம் எல்லாம் ஸ்கூல்ல குடுக்குறோம். படிக்கிறது அவ உரிமை, அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சவரியம்மாள் சும்மா கேட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்சவள்ளிக்குத்தான் அது உறைத்தது.

"அம்மா, தூக்கி விடு."

சவரியம்மாள் குனிந்தாள். அம்சவள்ளி ஓடிவந்து கூடையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா. இத இனிமே யாரும் தூக்கி விட மாட்டோம். வர்ற வழியிலயே நாங்க எல்லாம் பேசிட்டோம்."

"என்னாம்மா அங்க?" வரப்பிலிருந்து பக்தவச்சலம் கத்தினார்.

"பொண்ணு ஸ்கூலுக்குப் போவணுங்க" என்றாள் அம்சவள்ளி.

"தாராளமா போவட்டும். கொட்டகைய காலி பண்ணிட்டுப் போவட்டும். வேலம்மா, நீ தூக்கி விடு!"

வேலம்மாள் தன் கூடையையும் கீழே வைத்தாள். "நீங்களே எறங்கி வந்து தூக்கி விடுங்க மொதலாளி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாத்தியில் ஒரு கூடையும் எழவில்லை.

கொஞ்ச நேரத்தில் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. பாயும் சட்டிபானையும் வரப்பில் வந்து விழுந்தன. சவரியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஜான்சி மட்டும் இன்னும் கூடையைப் பிடித்தபடி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவரியம்மாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மூஞ்சிய கழுவிக்கினு கெளம்புடி. பெல் அடிச்சிடப் போறாங்க."

"சாயங்காலம் எங்கம்மா வர்றது?"

சவரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் அவளுடைய பாயை விரித்து, சட்டிபானையைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

"இங்கதான் வா" என்றாள். "எல்லாரும் இங்கதான் இருப்போம்."