ஒரு தடவைக்கு ஒரு கோப்பை

எஸ்பிரஸோ இயந்திரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அலிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்வது எப்படி என்பது மட்டும்தான் தெரியவில்லை.

குளிர் தொடங்கிய வாரத்தில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒர்னெல்லாதான் பேச்சை எடுத்தாள்.

"வீட்டுக்கு ஒரு காபி மிஷின் வாங்குவமா?"

அப்போதே வேண்டாம் என்றிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பாள். அதற்கு அவனிடம் பதில் இருந்தது; மனைவியிடம் சொல்லக்கூடிய பதிலாக இல்லை. அதனால், "வாங்கலாமே, நல்லதா பாத்து வாங்கணும்" என்றான். அதற்குப் பிறகு இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்ப்பவன் அவன். பிழை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அந்தத் திறமை முழுவதையும் இப்போது காபி இயந்திரங்கள் மேல் இறக்கினான். ஒன்றுக்குத் தண்ணீர்த் தொட்டி பின்பக்கம். இன்னொன்று சமையலறை அலமாரிக்கு அடியில் நிற்காது. ஒன்றில் பால் நுரைக்கும் குழாய் கட்டை. ஒர்னெல்லா ஆசைப்பட்டுக் காட்டிய சிவப்பு இயந்திரத்தில் எந்தக் குறையும் கிடைக்கவில்லை. அரை நாள் யோசித்துவிட்டு, "அந்த நீல லைட் விட்டு விட்டு எரியுது, கண்ணக் கூசும்" என்றான். ஒர்னெல்லா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சொல்ல முடியாத அந்தப் பதில், ட்ராம் ஓடும் சாலையிலிருந்து கோபர்க் பகுதியின் சந்து ஒன்றுக்குள் திரும்பினால் இருந்தது. நெவ்சாத்தின் காபிக் கடை. கண்ணாடி ஜன்னலை ஒட்டி நீளமாக ஒரு பலகை, அதற்கு முன்னால் மூன்று உயரமான முக்காலிகள். இடது ஓரம் அலிஸ்டர். நடுவில் ஒரு பெண்; சைக்கிளில் வருவாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே குடித்துவிட்டுப் போவாள். வலது ஓரத்தில் கால்பந்துப் பக்கத்தை மட்டும் படிக்கும் ஒரு பெரியவர். விடிந்தும் விடியாமலும் கடை திறக்கும்போதே மூவரும் வந்துவிடுவார்கள். நெவ்சாத் ஆளைப் பார்த்ததுமே காபியைப் போட ஆரம்பித்துவிடுவதால், இன்னது வேண்டும் என்று சொல்லக்கூட வாயைத் திறக்க வேண்டியதில்லை. நான்கு வருடமாக அந்தப் பலகையில் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெயர் தெரியாது. ஒருநாள் அந்தப் பெண் கையில் மாவுக்கட்டோடு வந்தாள். பெரியவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சர்க்கரைக் கிண்ணத்தை அவளுடைய நல்ல கைப் பக்கமாக நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். அன்று முழுக்க அலிஸ்டருக்கு அதுவே நினைவாக இருந்தது. அவன் படித்த எத்தனையோ புத்தகங்களில் அத்தனை சுருக்கமாக யாரும் எதையும் சொல்லிவிடவில்லை.

ஒர்னெல்லா மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் வாழ்க்கைக்குள் வந்தவள். இருவருக்குமே இரண்டாவது கல்யாணம். அவளோடு அவளுடைய அண்டாக்களும் தக்காளி ஜாடிகளும் தம்பி டாரியோவும் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அவளுடைய குரல் வந்தது. மழலையர் பள்ளியில் ஆசிரியை. நாளெல்லாம் நான்கு வயதுக் குழந்தைகளோடு பேசிவிட்டு வந்து, மிச்சத்தை வீட்டில் பேசுவாள். அலிஸ்டருக்கு அது பிடிக்கும். உண்மையாகவே பிடிக்கும். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எதையும் கேட்காமல் இருக்க வேண்டும். விடுமுறைக்கு எங்கே போனாலும், அவள் எழுவதற்குள் அப்படி ஒரு பலகையைத் தேடிப் போய்விடுவான்.

இயந்திரம் வீட்டுக்கு வந்தால் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். "எனக்குக் கொஞ்சம் சத்தமில்லாம இருக்கணும், அதுக்காகத்தான் கடைக்குப் போறேன்" என்று சொல்லலாம். அது ஒர்னெல்லாவின் காதுக்குள் போய்ச் சேரும்போது "உன்கிட்டேருந்து தப்பிக்கத்தான் போறேன்" என்று ஆகிவிடாதா? மனத்துக்குள்ளேயே அந்த வாக்கியத்தைப் பலவிதமாகத் திருத்திப் பார்த்தான். எப்படித் திருத்தினாலும் தவறாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்த டாரியோ, உட்காரும்போதே ஆரம்பித்தான்.

"என்ன மச்சான், மிஷின் வந்தாச்சா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"ரெண்டு மாசமா பாக்கறீங்க! எங்கக்காவைக் கட்டிக்க இவ்வளவு யோசிக்கலையே?"

"யோசிச்சிருந்தா நீ எனக்கு மச்சினனா ஆகியிருக்க மாட்ட."

"பாத்தியாக்கா, இவருக்குப் பேசவும் வருது!" டாரியோ மேசையைத் தட்டினான். "ரெண்டு குழாய் வச்சதா வாங்குங்க மச்சான். ஒரே நேரத்துல ரெண்டு கப் போடலாம். நாங்க ஆறு பேர் ஞாயித்துக்கிழமை தவறாம வருவோம். உங்க எதிர்வீட்டு இலீனா வேற மிஷின் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

அலிஸ்டர் மனத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைக் கோப்பைகளை எண்ணிப் பார்த்தான்.

"வர்ற சனிக்கிழமை கடைக்குப் போறோம்" என்றாள் ஒர்னெல்லா. "இன்டர்நெட்ல பாத்ததெல்லாம் போதும். நேர்ல பாப்போம்."

பக்கத்துப் பகுதியான பிரன்ஸ்விக்கில் இருந்த அந்தக் கடையில் வரிசையாக இயந்திரங்கள் பளபளத்துக்கொண்டு நின்றன. விற்பனைப் பெண் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். ஒன்று உறுமியது, இன்னொன்று பல் டாக்டரின் கருவியைப் போலக் கிறீச்சிட்டது. அலிஸ்டருக்கு வழி கிடைத்துவிட்டது.

"சத்தம்" என்றான்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் வரும் சார். உள்ள பம்ப் இருக்கு இல்லையா?"

"சத்தம் இருந்தா வேண்டாம். காலங்காத்தால தாங்காது." முதல்முறையாக உண்மைக்குப் பக்கத்தில் ஒன்றைச் சொல்லிவிட்ட நிம்மதியில் குரல்கூடக் கம்பீரமாக வந்தது. "சத்தம் போடாத மிஷின் இருந்தா சொல்லுங்க, இப்பவே வாங்கிக்கறேன்."

இருக்காது என்ற தைரியம்தான். அந்தப் பெண் உள்ளே போனாள். பித்தளையும் எஃகுமாக, நெட்டையாக, தலையில் நீளக் கைப்பிடி வைத்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதுல பம்பே கிடையாது. கைப்பிடியைத் தூக்கிட்டு உங்க கையாலயே அழுத்தணும்."

அழுத்திக் காட்டினாள். கெட்டி டிகாக்‌ஷன் போலக் கருப்பாக ஒரு நூல் கோப்பைக்குள் இறங்கியது. அது இறங்கும் ஓசை மட்டும்தான் கேட்டது. ஒர்னெல்லா அலிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு ரெண்டு நாள் யோசிச்சு..." என்றான். "இதோட புத்தகம் எதாவது இருந்தா குடுங்க. எல்லா மிஷினும் இருக்கற மாதிரி."

திங்கட்கிழமை காலை, நெவ்சாத்தின் கடையில் அந்தக் கையேட்டைப் பலகைமேல் விரித்துவைத்துக்கொண்டு, நெட்டை இயந்திரத்திலும் ஏதாவது குறை அகப்படாதா என்று தேடிக்கொண்டிருந்தான். புரட்டும் வழியில் ஒர்னெல்லா ஆசைப்பட்ட சிவப்பு இயந்திரத்தின் பக்கம் வந்தது.

"அத வாங்காதீங்க."

குரல் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கு உடனே பிடிபடவில்லை. அவன் கற்பனை செய்து வைத்திருந்ததைவிடக் கனமான குரல். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்தது.

"நீராவி பத்தாது" என்றாள் அவள். "பால் பொங்காது, சும்மா கொதிக்கும். ரெண்டு வருஷமா அதோட மல்லுக்கட்டறேன்."

"உங்க வீட்ல மிஷின் இருக்கா?"

"எங்கிட்ட ரெண்டு இருக்கு" என்றது கால்பந்துப் பக்கம். "ஒண்ணு கராஜ்ல கெடக்கு."

அலிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்புறம் எதுக்கு தினம் இங்க வர்றீங்க?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பழைய மௌனம் திரும்பி வந்துவிட்டதோ என்று அவனுக்கு ஆசையாகக்கூட இருந்தது. பெரியவர் பேப்பரை மடித்தார்.

"வீட்ல ஒரு காபி போட்டுப் பாரு தம்பி. 'எனக்கும் ஒண்ணு'ன்னு ஒரு குரல் வரும். மருமகளுக்குப் பால் தூக்கலா ஒண்ணு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நுரை இல்லாம ஒண்ணு. எல்லாருக்கும் குடுத்துட்டு வந்து பாத்தா என் காபி பனிக்கட்டி மாதிரி ஆயிருக்கும். நாப்பது வருஷம் உழைச்சு ஓய்வு வாங்கினவன வெயிட்டராக்கிட்டாங்க."

"எங்க வீட்ல புருஷனுக்கு ஓட்ஸ் பால், பசங்களுக்கு சாக்லெட் பால்" என்றாள் ஹெல்மெட். "நான் ஓடியாந்துடுவேன்."

கல்லாவுக்குப் பின்னால் நெவ்சாத் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். "நீங்க மூணு பேரும் பேசுவீங்களா? நான் உங்களுக்குள்ள ஏதோ பழைய சண்டைன்னுல்ல நெனச்சேன்!"

பெரியவர் கையேட்டைத் தன் பக்கம் இழுத்து, பக்கங்களைப் புரட்டி, நெட்டை இயந்திரத்தின் மேல் விரலை வைத்தார். "வாங்கித்தான் ஆகணும்னா இத வாங்கு. ஒரு தடவைக்கு ஒரு கோப்பைதான் வரும். ரெண்டு மூணு போட்டா சூடேறி முரண்டு பிடிக்கும், அணைச்சு ஆறவிடணும். சொந்தக்காரங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

அன்று அலிஸ்டர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். செவ்வாய்க்கிழமை சிரிப்பு குறைந்தது. மூன்று பேரும் வீட்டில் இயந்திரம் வைத்திருப்பவர்கள், அல்லது வைத்திருக்கப்போகிறவர்கள் என்பது வெளியே வந்துவிட்டதல்லவா? பெரியவரின் பெயர் ஸ்டாவ்ரோஸ், ஹெல்மெட்டின் பெயர் பிப்பா என்று தெரிந்துவிட்டது. தூள் எவ்வளவு நைசாக இருக்க வேண்டும் என்று இருவரும் வாதாடினார்கள். புதன்கிழமை தண்ணீரின் உப்பைப் பற்றி. வியாழக்கிழமை நெவ்சாத்தும் ஏப்ரனோடு வெளியே வந்து, தூளை அழுத்தும்போது முழங்கை எப்படி நிற்க வேண்டும் என்று நடித்துக் காட்டினான். "நீங்க என்ன சொல்றீங்க அலிஸ்டர்?" என்று மூன்று முகங்களும் அவன் பக்கம் திரும்பின.

அவன் புத்தகத்தை மூடினான். எந்த இயந்திரத்திடமிருந்து இந்தப் பலகையைக் காப்பாற்ற நினைத்தானோ, அந்த இயந்திரத்தைத் தன் கையாலேயே கொண்டுவந்து இதன்மேல் வைத்துவிட்டான். அவர்கள் மேல் கோபம் வரவில்லை. நல்ல மனிதர்கள். அதுதான் தொல்லை; நல்ல மனிதர்களுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது.

வெள்ளிக்கிழமை பாதிக் காபியிலேயே எழுந்து வீட்டுக்கு நடந்தான். கொல்லைப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு சமையலறைக்குள் வந்தவன் அப்படியே நின்றான்.

விளக்குப் போடவில்லை. ஒர்னெல்லா இரவு அங்கியோடு ஜன்னலருகே நின்று, இரண்டு கைகளாலும் ஒரு கோப்பையைப் பிடித்திருந்தாள். வெளியே மூடுபனி, எலுமிச்சை மரத்தின் பாதிதான் தெரிந்தது. கிளையில் கருப்பும் வெள்ளையுமாக ஒரு மேக்பை பறவை கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. அவன் வந்தது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பவில்லை. அவன் பேச வாயெடுத்தபோது ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள்.

அவன் நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்து உட்கார்ந்தான். பறவை போயிற்று. பனிக்குள்ளிருந்து மரத்தின் மீதிப் பாதி வந்தது. குளிர்பெட்டி ஒருமுறை முனகி அடங்கியது. கடைசி மடக்கைக் குடித்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள்.

"கண்றாவி" என்றாள். உடனடிக் காபித்தூள் டப்பா அடுப்பருகே திறந்திருந்தது. "என்ன, உன் கடைய இழுத்து மூடிட்டாங்களா?"

"நீ தினமும் இப்படித்தான் நிப்பியா?"

"பின்ன? எட்டு மணிக்குமேல இருபது புள்ளைங்க 'மிஸ் மிஸ்'னு கத்தும். அதுக்கு முன்னால எனக்கு ஒரு மனுஷக் குரலும் ஆகாது. அம்மா வீட்லகூட அப்படித்தான், டாரியோவைக் கேட்டுப் பாரு, செருப்பால அடிச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியாதே."

"நீ எங்க இருந்த தெரிஞ்சுக்க?" குரலில் கோபம் இல்லை. கோப்பையைக் கழுவப் போனவள், கழுவாமல் நின்றாள். "உன் கடைக்கு என்னையும் கூப்பிடுவியான்னு கொஞ்ச நாள் பாத்தேன். கூப்பிடல. சரி, மிஷின் வாங்கினா நல்ல காபியாவது கிடைக்கும், ஒருவேளை நீயும் இங்கேயே குடிப்பேன்னு நெனச்சேன்."

அலிஸ்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாகத் திருத்தித் திருத்திச் சரியாக வராத அந்த வாக்கியத்தைத் திருத்தாமலே சொன்னான்.

"நீ பேசுவியேன்னு பயந்தேன்."

ஒர்னெல்லா அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அதுக்குத்தானா நீல லைட்டு கண்ணக் கூசுதுன்ன? அடப்பாவி! தண்ணித் தொட்டி பின்னால இருக்குன்னு ஒரு வாரம் வருத்தப்பட்டியே, அதுவும் பொய்யா?"

"அது நெசமாவே பின்னாலதான் இருக்கு."

மறுநாளே போய் நெட்டை இயந்திரத்தை வாங்கினார்கள். இந்தத் தடவை அலிஸ்டர் எந்தக் குறையும் சொல்லவில்லை. ஒரு தடவைக்கு ஒரு கோப்பைதான் வரும் என்று விற்பனைப் பெண் தயங்கிச் சொன்னபோது, "ரொம்ப நல்லது" என்று மட்டும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை டாரியோ குடும்பத்தோடு ஆறு பேராக வந்தான். முதல் கோப்பை அவன் மனைவிக்கு, இரண்டாவது மூத்த பெண்ணுக்கு, மூன்றாவது அவனுக்குக் கருகிப்போய் வந்தது.

"இனிமே அணைச்சு ஆறவிடணும்" என்றான் அலிஸ்டர், முகத்தில் மிகுந்த வருத்தத்தோடு.

"எவ்வளவு நேரம்?"

"அதுக்கு எப்பத் தோணுதோ."

"என்ன மச்சான் இது, மிஷினா மாமியாரா?" டாரியோ எழுந்து கோட்டை மாட்டினான். "வாங்கடா, அந்த நெவ்சாத் கடைக்குப் போவோம்."

திங்கட்கிழமை இருட்டு பிரியுமுன் அலிஸ்டர் கையரவையில் காபிக்கொட்டையை அரைத்தான். கைப்பிடியைத் தூக்கி, நிறுத்தி, அழுத்தினான். கருப்பு நூல் அறுபடாமல் இறங்கியது. ஒரு கோப்பையை ஒர்னெல்லாவின் முன்னால் வைத்துவிட்டு, தனக்கொன்று போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஒரு மடக்கு குடித்தான். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இதைவிட நன்றாக வரும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று போன வாரம் பலகையில் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஸ்டாவ்ரோஸ் என்ன சொல்றார்னா, தூள் மட்டும் இன்னும் கொஞ்சம்..."

ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒர்னெல்லா விரலை உயர்த்தினாள்.

"குடிச்சு முடிக்கறேன்ப்பா."

அலிஸ்டர் வாயை மூடிக்கொண்டான். எலுமிச்சை மரம் இன்னும் தெரிய ஆரம்பிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான்.