சல்லடையில் ஒன்றும் தங்காத நாள்

லொரைன் லேப்டாப் திரையில் ஐந்தாவது நிபந்தனைக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்துவிட்டு, மறுபடியும் தேடச் சொல்லி அழுத்தினாள். இரண்டு கம்பெனிப் பெயர்கள் வந்தன. நான்காவதையும் எடுத்ததும் ஏழாயின. அப்பாடா என்று அதில் ஐந்தைப் பொறுக்கிக்கொண்டு, லேப்டாப்போடு அப்பாவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மரியஅந்தோணி கண்ணை மூடியபடியே, "அஞ்சேகால் ஆச்சா?" என்றார்.

"ஆச்சுப்பா. மார்க்கெட் குளோஸ் ஆயிடுச்சு."

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் அவரைப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது: அடுத்த பத்து நாளில் ஏறக்கூடிய பங்குகளைச் சல்லடை போட்டு எடுப்பது. விலை இருபது நாள் சராசரிக்கு மேலே நிற்க வேண்டும். அந்தச் சராசரி ஐம்பது நாள் சராசரிக்கு மேலே நிற்க வேண்டும். வேகத்தைக் காட்டும் ஆர்எஸ்ஐ ஐம்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் இருக்க வேண்டும். போக்கைக் காட்டும் எம்ஏசிடி கோடு தன் சிக்னல் கோட்டைப் புதிதாக மேலே வெட்டியிருக்க வேண்டும். கடைசியாக வால்யூம்: கைமாறிய பங்குகள் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்காவது தேற வேண்டும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அவருக்கு ஆகாது. வாங்குவதெல்லாம் எப்போதாவதுதான். தேறி நிற்கும் பெயர்களை வாய்விட்டு வாசிப்பதில்தான் ருசி. மருமகனைத் தேடியபோதுகூட மனுஷர் இவ்வளவு கறார் காட்டவில்லை என்று மனைவி பிரிஜட் சொல்லிச் சிரிப்பாள்.

ஈரல் புற்று அவரைப் படுக்கையில் போட்டதும், லொரைன் செங்காங்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பெட்டியோடு பெற்றோரின் இந்த பிடோக் வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசிக்கும் வேலை அவளுக்கு வந்தது. ஆனால் நான்கு நாளாகச் சந்தை சரிந்துகொண்டே இருந்தது. ஒரு பெயரும் தேறவில்லை. பட்டியலைக் கேட்டால்தான் அப்பா முகம் கொஞ்சம் தெளியும். வெறுங்கையோடு போய் எப்படி நிற்பது?

இன்னொன்றையும் அவள் சொல்லாமல் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர் நேற்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டார்: ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. உடனே ஃபாதரை அழைத்து, சாகுமுன் எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுத்திருக்க வேண்டும். ஞாயிறு பூசையை ஒருநாளும் தவறவிடாத மனிதர். பிரிஜட்தான் தடுத்தாள். "ஃபாதர் எண்ணெயோட உள்ள வந்தா அவருக்குத் தெரிஞ்சிடும் லா. பயந்துடுவார். நாளைக்குப் பாத்துக்கலாம்." அந்த நாளை வந்து, அதில் சாயங்காலமும் ஆகிவிட்டது. ஃபாதர் வராமலே அப்பா போய்விடுவாரோ என்ற நினைப்பு லொரைனை விடவில்லை.

மருந்தின் மயக்கத்தில் அப்பா நடுநடுவே துறைமுகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். "பச்சைப் பொட்டிய முதல்ல எறக்கு... காத்தடிக்குது, மெதுவா..." போர்வையின் மேல் அவர் விரல்கள் இல்லாத நெம்புகோலைத் தள்ளின. திரைச்சீலை வழியே மஞ்சள் வெயில் தரையில் நீண்டு கிடந்தது. நாலு நாள் சரியாகத் தூங்காத லொரைனுக்கும், வீடிருந்த பதினோராவது மாடி மெல்ல ஆடுவதாகவும், கீழே அடுக்குமாடி புளோக்குகளுக்குப் பதில் தண்ணீர் பரந்து கிடப்பதாகவும் தோன்றியது. பயமாக இல்லை. அப்பா கிரேன் ஓட்டுகிற உயரம்தானே.

"வாசி," என்றார்.

"முதல்ல அந்த முட்டைக் கம்பெனிப்பா."

"ஆர்எஸ்ஐ?"

"அம்பத்தெட்டு."

"வால்யூம்?"

வழக்கத்தில் பாதிகூட இல்லை. "ரெண்டு மடங்கு," என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "நாலு நாளா மார்க்கெட் விழுதுன்னு ரேடியோல சொல்றான். உன் லிஸ்ட்ல மட்டும் தினம் அஞ்சு பேர் ஜம்முன்னு நிக்கிறாங்க. ரூல தளர்த்திட்டியா?"

ரிப்போர்ட் கார்டை ஒளித்துப் பிடிபட்டவளைப் போல, நாற்பத்து மூன்று வயது லொரைன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு ரூல எடுத்துட்டேன்ப்பா. ஒண்ணும் இல்லன்னு சொல்ல மனசு வரல."

"அஞ்சையும் போட்டுப் பாரு."

போட்டாள். திரை வெள்ளையாக நின்றது.

"ஒண்ணும் இல்லப்பா."

"ம்ம். நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவர் முகம் வாடவில்லை. நாலு நாளாக உறுத்தியதை யாரோ எடுத்துவிட்ட மாதிரி தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இதைத் தாங்கியவர் அதையும் தாங்குவார் என்று லொரைனுக்குத் தோன்றியது. தோன்றிய வேகத்தில் சொல்லாவிட்டால் சொல்லவே மாட்டோம் என்றும் தெரிந்தது. லேப்டாப்பை மூடினாள்.

"அப்பா, டாக்டர் சொன்னதையும் நான் உங்ககிட்ட சரியாச் சொல்லல."

அடுக்களையில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"எவ்வளவு நாளாம்?"

"இன்னைக்கு. இல்லன்னா நாளைக்கு."

கீழே ஏதோ லாரி பீப் பீப் என்று பின்னால் வந்துகொண்டிருந்தது. அவர் அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏன் ஃபாதர கூப்பிடல?"

"நீங்க பயந்துடுவீங்கன்னு அம்மா..."

"அவ பயத்துக்கு என் பேர வெச்சிட்டாளா?" சிரிக்கப் போய் இருமினார். "கூப்பிடும்மா."

தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்ச்சிலிருந்து, சாயங்கால நெரிசலைத் தாண்டி, ஆறரைக்கு ஃபாதர் டாக்சியில் வந்து சேர்ந்தார். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்காக அறைக்கதவு சாத்தப்பட்டது. தாயும் மகளும் அடுக்களையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றார்கள். அப்புறம் உள்ளே போய், அவர் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசுவதைப் பார்த்தார்கள். அப்பாவுக்கு இது கிடைத்துவிட்டதே என்ற நன்றியில் லொரைன் ஓசையில்லாமல் அழுதாள்.

ஃபாதர் போனபின் பிரிஜட் அறைவாசலிலேயே நின்றாள். இத்தனை வாரமும் சூப்பும் பொய்யுமாக உள்ளே போய்வந்தவள், இரண்டும் இல்லாமல் எப்படிப் போவது என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பிரிஜட், வந்து படு."

"ஏங்க, இந்தக் கட்டில்ல எங்க எடம் இருக்கு?"

மூன்று நாளாக அவரைப் புரட்டவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவர் கட்டில் கம்பியைப் பிடித்தார். சுவர்ப்பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தார். மூச்சு வாங்கினார். இன்னொரு விரற்கடை. லொரைன் உதவப் போய், பிறகு போகாமல் நின்றுவிட்டாள். ஒரு ஆள் ஒண்டிப் படுக்க இடம் வந்ததும் பிரிஜட் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள். லொரைன் கதவைப் பாதி இழுத்துவிட்டு வெளியே வந்தாள்.

எதிர் புளோக்கின் நடைபாதை விளக்குகள் எல்லா மாடியிலும் ஒன்றாக எரிந்தபோது, "லொரைன்," என்று அம்மா கூப்பிட்டாள். உப்பு எங்கே என்று கேட்கும் குரல்தான்.

அப்பாவின் மூச்சு நின்றிருந்தது. டாக்டருக்குச் சொல்லியாயிற்று. பிரிஜட் எழுந்து ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். சுவரோடு ஒட்டிக் கிடந்தவரை நடுவுக்கு நகர்த்திப் படுக்கவைக்க லொரைன் தோளுக்கடியில் கைகொடுத்தாள்.

"விடு," என்றாள் பிரிஜட். "அப்படியே இருக்கட்டும்."

டாக்டர் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பிரிஜட் காலியாய்க் கிடந்த பக்கத்தில் மறுபடியும் ஏறி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.